கழுத்து ஸ்கானும் இரத்த ரிப்போர்ட்டும்: பாரிசவாதம் வந்த வீட்டார் கேட்பவை

முப்பது வருஷம் ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதித்துவிட்டு ஓய்வெடுத்தவன் நான். ஓய்வெடுத்த பிறகும் கொக்குவிலில் எங்கள் வீட்டுப் படலையைத் தட்டிக்கொண்டு யாராவது ஒரு ரிப்போர்ட்டோடு வருவார்கள். இப்போது படலைக்குப் பதிலாக வைபர். ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. நான் வைத்தியர் அல்ல. ரிப்போர்ட்டில் உள்ள எண் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லத் தெரியும். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கிளினிக் டொக்டரின் வேலை.

பாரிசவாதம் வந்தது மூளையில். பிறகு ஏன் கழுத்தை ஸ்கான் பண்ணுகிறார்கள்?

மூளைக்கு இரத்தம் போகும் வழி கழுத்துத்தான். முன்பக்கம் இரண்டு பெரிய நாடிகள், முதுகெலும்பை ஒட்டிப் பின்பக்கம் இரண்டு. முன்பக்கத்து நாடியைக் கரோட்டிட் என்பார்கள். தொண்டைச் சங்குக்குப் பக்கத்தில் விரலை வைத்தால் துடிக்கும். (ஒரு பக்கம் மட்டும், மெதுவாக. இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தக் கூடாது.)

இந்த நாடி தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நேராக ஓடும் வாய்க்காலில் மண் தங்காது. கிளை பிரியும் இடத்தில் தண்ணீர் சுழன்று வேகம் குறைந்து, ஓரத்தில் மண் ஒதுங்கும். கரோட்டிட் பிரியும் இடமும் அப்படித்தான். அங்கே இரத்தம் சுவரை உரசி ஓடாமல் சுழல்கிறது, அந்தச் சுவரில்தான் கொழுப்பு முதலில் ஏறுகிறது. அதிலிருந்து ஒரு துணுக்கோ, அதன் மேல் உறைந்த இரத்தக் கட்டியோ கழன்று மேலே போய் மூளையின் சின்ன நாடி ஒன்றை அடைத்தால் ஒரு பக்கம் இழுத்துவிடுகிறது. பாரிசம் என்றால் பக்கம். பெயரே அதைத்தான் சொல்கிறது.

இது அடைப்பால் வரும் பாரிசவாதத்தின் கதை. இரத்தம் கசிந்து வருவது வேறு. எது என்பதை முதலில் தலையை சி.டி. ஸ்கான் எடுத்துத்தான் பிரித்தறிவார்கள். கசிவு என்றால் கழுத்து ஸ்கானுக்குப் பெரிய வேலை இல்லை.

ரிப்போர்ட்டில் ஐ.எம்.டி. 1.1 மி.மீ. என்று போட்டிருக்கிறது. அது என்ன?

நாடியின் சுவருக்கு மூன்று படைகள். உட்படை, தசை நிறைந்த நடுப்படை, வெளிப்படை. உட்படையும் நடுப்படையும் சேர்ந்த தடிப்புத்தான் ஐ.எம்.டி. அல்ட்ராசவுண்ட் படத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகளும் நடுவே ஒரு கறுப்புக் கோடும் தெரியும். முதல் வெள்ளைக் கோட்டின் ஓரத்திலிருந்து இரண்டாவது வெள்ளைக் கோட்டின் ஓரம் வரை அளக்கிறார்கள். பிக்னோலி என்ற இத்தாலிய வைத்தியரும் அவருடைய குழுவினரும் 1986 இல் இந்த முறையை வெளியிட்டார்கள். படத்தில் அளந்த தடிப்பும், வெட்டியெடுத்த நாடியை நுணுக்குக்காட்டியில் அளந்த தடிப்பும் ஒத்துப்போவதை அவர்கள் காட்டிய பிறகுதான் உலகம் முழுக்க இதை அளக்கத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரு பிழையான படம் மனதில் இருக்கிறது. நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்தலுக்குள் வெள்ளையாகப் படியும், புளி போட்டுத் தேய்த்தால் போகும். நாடிக்குள்ளும் கொழுப்பு அப்படித்தான் படிகிறது, எதையாவது குடித்துக் கழுவிவிடலாம் என்று நினைக்கிறார்கள். உள்ளியும் தேனும் காய்ச்சிக் குடிக்கும் யோசனை எல்லாம் இந்தக் கேத்தல் கணக்கிலிருந்து வந்தவை.

நடப்பது அதுவல்ல. கிணற்றடிக்குப் பக்கத்துச் சுவரைப் பாருங்கள். ஈரமும் உப்பும் சாந்துக்குள் ஊறி, சுவர் உள்ளிருந்து பொருமும். மேலே அடித்த வெள்ளை பல நாள் அப்படியே இருக்கும். ஒரு நாள் வெடித்து உதிரும். நாடியிலும் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் சுவருக்குள் ஊறுகிறது. அதைத் தின்று தீர்க்க வெள்ளை அணுக்கள் உள்ளே புகுந்து, தின்று பருத்து அங்கேயே தங்கிவிடுகின்றன. அதைச் சுற்றித் தசைக் கலங்கள் பெருகுகின்றன, மேலே ஒரு மூடி உருவாகிறது. அந்த மூடி வெடிக்கும் நாள்தான் ஆபத்தான நாள். சுவருக்குள் நடப்பது ஒரு நீண்ட கால அழற்சி என்பதால்தான் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பரிசோதனைகளும் இந்தக் கதைக்குள் வருகின்றன.

இன்னொன்று. தடிப்பு எல்லாமே கொழுப்பு அல்ல. பிரஷர் கூடிய ஆட்களுக்கு நடுப்படையின் தசை தடிக்கும். தினமும் பாரம் தூக்குகிறவரின் கை தடிப்பதுபோல. எந்தப் படை தடித்தது என்று ஐ.எம்.டி. எண் பிரித்துச் சொல்லாது.

தடிப்பும் அடைப்பும் ஒன்றா? எங்களிடம் பிளாக் என்று சொன்னார்கள்.

நல்ல கேள்வி. இந்தச் சொல்லால் அழுத குடும்பங்களை எனக்குத் தெரியும். சுவரில் ஓரிடத்தில் மேடாக எழும்பிய கொழுப்புப் படிவுக்கு ஆங்கிலத்தில் பிளாக் என்று பெயர். குழாய் அடைபட்டிருப்பது புளொக். டொக்டர் அவசரத்தில் சொல்லும்போது காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே விழும். பிளாக் இருப்பவர்களில் மிகப் பலருக்குப் புளொக் இல்லை.

சுவர் பரவலாகத் தடித்திருந்தால் அது ஐ.எம்.டி. கூடியிருப்பது. ஓரிடம் மட்டும் பக்கத்துச் சுவரைவிட 0.5 மி.மீ. அல்லது பாதிப் பங்கு அதிகமாக உள்நோக்கி எழும்பியிருந்தால், அல்லது தடிப்பு 1.5 மி.மீ. ஐத் தாண்டினால் அதைப் படிவு என்று எழுதுவது வழக்கம். படிவு வளர்ந்து வழியை ஒடுக்கினால் அது எத்தனை வீதம் என்று எழுதுவார்கள். ரிப்போர்ட்டில் நீங்கள் முதலில் தேட வேண்டியது அந்த வீத எண்ணைத்தான், ஐ.எம்.டி. ஐ அல்ல. மூளையில் பாதிப்பு வந்த பக்கத்துக் கழுத்து நாடி 70 வீதத்துக்கு மேல் ஒடுங்கி, ஆனால் முழுதாக மூடாமல் இருந்தால், திறந்து சுத்தப்படுத்தும் சத்திரசிகிச்சையால் அடுத்த பாரிசவாதத்தைப் பெருமளவு தடுக்கலாம் என்பது 1991 இலேயே பெரிய ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. 50 முதல் 69 வீதம் என்றால் ஆளைப் பார்த்து முடிவெடுப்பார்கள். செய்வதென்றால் முதல் இரண்டு கிழமைக்குள் செய்வதில்தான் பலன் கூட. அதனால் ரிப்போர்ட்டை அடுத்த மாதக் கிளினிக் வரை அலுமாரியில் வைக்காதீர்கள்.

எத்தனை மி.மீ. என்றால் பயப்பட வேண்டும்?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. வயது போகப் போக எல்லோருக்கும் சுவர் தடிக்கும், வருஷத்துக்கு ஏறக்குறைய 0.01 மி.மீ. முப்பது வயதில் 0.5 சாதாரணம், எழுபதில் 0.8 சாதாரணம். ஐரோப்பியப் பிரஷர் வழிகாட்டிகள் 0.9 ஐ ஒரு கோடாகப் போட்டிருந்தன. அதனால்தான் பல ரிப்போர்ட்டுகளில் 0.9 க்கு மேல் என்றால் தடித்த எழுத்தில் வருகிறது. 78 வயதுப் பெரியம்மாவுக்கு 1.0 என்று வந்ததற்கு வீட்டில் மூன்று நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவவின் வயதுக்கு அது பெரிய விஷயமே இல்லை.

ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைச் சேர்த்து 2007 இல் கணக்கிட்டபோது, ஐ.எம்.டி. 0.1 மி.மீ. கூடினால் பாரிசவாத ஆபத்து ஏறக்குறைய 13 முதல் 18 வீதம் கூடுவதாக வந்தது. ஆக, எண்ணுக்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் வயது, பிரஷர், கொலஸ்ட்ரோல், புகைத்தல், சீனி வருத்தம் எல்லாவற்றையும் ஏற்கெனவே தெரிந்துகொண்ட பிறகு, இந்த எண் புதிதாகச் சொல்லுவது மிகக் கொஞ்சம் என்று பின்னர் தெரிந்தது. அதனால் 2013 இல் அமெரிக்க இதயச் சங்கங்களின் வழிகாட்டி, நோய் வராதவர்களுக்கு இதை வழமையாக அளக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

பாரிசவாதம் ஏற்கெனவே வந்த ஒருவருக்கு இந்தத் தடிப்பு ஒரு சாட்சி. இத்தனை வருஷம் இந்தச் சுவர் என்ன பாடுபட்டது என்று சொல்லும் சாட்சி. சாட்சியைப் பிடித்து அடித்து என்ன பலன்? பாடுபடுத்தியவற்றைப் பிடிக்க வேண்டும்.

ஸ்கானுக்கு எப்படித் தயாராவது?

ஒன்றும் வேண்டாம். சாப்பிட்டுவிட்டே போகலாம். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, வலிக்காது. கழுத்துத் திறந்த சட்டை போட்டுக்கொண்டு போங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மாட்டேன் என்று சில அம்மாமார் நிற்பார்கள். கழற்றத் தேவையில்லை, கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டால் போதும். ஜெல் பட்டு ஒட்டும், அவ்வளவுதான்.

இரத்தத்தில் எவ்வளவோ பரிசோதனை எழுதியிருக்கிறார்கள். எல்லாம் தேவையா?

நான் அவற்றை இரண்டு குவியலாகப் பிரிப்பேன். முதல் குவியலில் வருவதைப் பார்த்து மருந்து மாறும்: கொலஸ்ட்ரோல் வகைகள், முக்கியமாக எல்.டி.எல்.; வெறுவயிற்றுச் சீனி; மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1சி.; சிறுநீரகத்துக்குக் கிரியட்டினின்; முழு இரத்தக் கணிப்பு. இவை அரச வைத்தியசாலையிலேயே வழமையாகச் செய்யப்படுபவை. கடைசி இரண்டும் சுவர்த் தடிப்புக்காக அல்ல, மருந்து கொடுக்க முன் பார்ப்பவை.

இரண்டாவது குவியல், கதையைக் கொஞ்சம் கூட விளக்குபவை: சி.ஆர்.பி., ஹோமோசிஸ்டீன், ஃபைப்ரினோஜன், லிப்போபுரோட்டீன் ஏ. ஆய்வுக் கட்டுரைகளில் இவைதான் அதிகம் வரும், வாசிக்கச் சுவாரசியமாக இருக்கும். காசு குறைவு என்றால் முதல் குவியலைச் செய்துவிட்டு மிச்சக் காசில் ஒரு நல்ல பிரஷர் மெஷின் வாங்குங்கள். நான் இதைச் சொன்னால் தனியார் ஆய்வுகூடம் வைத்திருக்கும் நண்பர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதல் குவியலிலும் எடுக்கும் நாள் முக்கியம். பாரிசவாதம் வந்த அதிர்ச்சியில் சீனி தற்காலிகமாக ஏறும். சீனி வருத்தமே இல்லாதவருக்கும் ஏறலாம். எச்.பி.ஏ.1சி. அப்படித் துள்ளாது. கொலஸ்ட்ரோல் இதற்கு மறுபக்கம். கடும் வருத்தத்தில் சில நாளில் இறங்கிவிடும். முதல் ஓரிரு நாளுக்குள் எடுத்த எண்ணைத்தான் உண்மையான எண்ணாகப் பாருங்கள்.

அப்பாவுக்கு நான்காம் நாள் சி.ஆர்.பி. 28. நாடி முழுக்க அழற்சி என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. சி.ஆர்.பி. என்பது ஈரல் செய்யும் ஒரு புரதம். 1930 இல் நியூமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். உடலில் எங்கே தீப்பிடித்தாலும் இது ஏறும். எங்கே என்று சொல்லாது. கோயில் மணி மாதிரி, அடிக்கிறது என்று தெரியும், எந்தக் கோயில் என்று தெரியாது.

நாடிச் சுவரின் அழற்சி மிக மெல்லியது. அதற்கென்று நுண்ணிய முறையில் அளக்கும் எச்.எஸ்.சி.ஆர்.பி. என்று தனிப் பரிசோதனை இருக்கிறது. லீட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் ஆபத்துக் குறைவு, 1 முதல் 3 நடுத்தரம், 3 க்கு மேல் கூட. 10 ஐத் தாண்டினால் அதை வைத்து நாடியைப் பற்றிப் பேசவே கூடாது, வேறு காரணம் தேட வேண்டும். பாரிசவாதத்தில் மூளைத் திசு சேதமானதாலேயே முதல் நாட்களில் சி.ஆர்.பி. ஏறும். அதோடு, விழுங்கக் கஷ்டப்படும் நோயாளிக்குச் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய் நெஞ்சுச் சளி பிடிக்கலாம். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அங்கே கிருமி பிடிக்கலாம். நான்காம் நாள் 28 என்றால் வார்ட்டில் டொக்டர்கள் பார்ப்பது இவற்றைத்தான். நீங்களும் காய்ச்சல், இருமல் இருக்கிறதா என்று கவனித்துத் தாதியிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போய் நிதானமான பிறகு அளப்பதென்றாலும் மாரி காலத்தில் கவனம். டெங்கு வந்து போனது, சூத்தைப் பல், ஆறாத கால் புண், போன கிழமை போட்ட தடுப்பூசி, எல்லாம் எண்ணைத் தூக்கும். இரண்டு கிழமை இடைவெளியில் இரண்டு தரம் எடுத்துப் பார்ப்பதே முறை.

அப்படியென்றால் சி.ஆர்.பி. ஐக் குறைக்க மருந்து கொடுத்தால் என்ன?

சி.ஆர்.பி. தான் குற்றவாளி என்றால் பிறப்பிலேயே அது அதிகமாக அமைந்தவர்களுக்கு மாரடைப்பும் பாரிசவாதமும் அதிகம் வர வேண்டும். மரபணுவை வைத்துப் பார்த்தபோது அப்படி வரவில்லை. அது புகை மட்டும். நெருப்பு வேறு இடத்தில். அந்த நெருப்பை நேராக அணைக்க முடியுமா என்று, மாரடைப்பு வந்தவர்களிடம் ஓர் ஊசி மருந்தைப் பரிசோதித்து 2017 இல் முடிவு வெளியிட்டார்கள். கொலஸ்ட்ரோலைத் தொடாமலேயே இதய நோய்த் தாக்குதல்கள் குறைந்தன. அழற்சி வெறும் பார்வையாளன் அல்ல என்பது அன்றைக்கு உறுதியானது. ஆனால் கடும் கிருமித் தொற்று கூடியது, விலையும் எட்டாத உயரம். பிறகு வாத வலிக்குக் கொடுக்கும் மலிவான கொல்சிசினைப் பாரிசவாத நோயாளிகளிடம் பரிசோதித்து 2024 இல் வெளிவந்த முடிவுகள் எதிர்பார்த்த அளவு பலன் காட்டவில்லை. இன்றைக்குக் கையில் இருப்பதில், கொலஸ்ட்ரோலுக்காகக் கொடுக்கும் ஸ்டாட்டின் குளிசை சி.ஆர்.பி. ஐயும் சேர்த்து இறக்குகிறது. அது ஏற்கெனவே உங்கள் கிளினிக் கொப்பியில் இருக்கும்.

நாங்கள் சைவம். ஹோமோசிஸ்டீன் 24 என்று வந்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. யாழ்ப்பாணத்தில் இதைக் கட்டாயம் பேச வேண்டும்.

ஹோமோசிஸ்டீன் என்பது நாம் சாப்பிடும் புரதம் உடலில் உடையும்போது இடையில் வந்து போகும் ஒரு பொருள். அது தங்காமல் அடுத்த படிக்குப் போக போலேட்டும் விற்றமின் பி12 உம் பி6 உம் வேண்டும். இவை குறைந்தால் தேங்கும். லீட்டருக்கு 15 மைக்ரோமோல் வரை சாதாரணம் என்று எடுப்பார்கள். தேங்கினால் நாடியின் உட்படை சிதைகிறது, இரத்தம் உறையும் போக்குக் கூடுகிறது. பிறவிக் குறைபாட்டால் இது மிக அதிகமாக இருந்த குழந்தைகளின் நாடிகள் கிழவர்களின் நாடிகள்போல் இருந்ததைக் கண்டு 1969 இல் கில்மர் மக்கல்லி என்ற அமெரிக்கர்தான் இந்தத் தொடர்பை முதலில் சொன்னார்.

சைவச் சாப்பாட்டில் போலேட்டுக்குக் குறைவில்லை. கீரை, முருங்கையிலை, பயறு, உழுந்து எல்லாவற்றிலும் இருக்கிறது. பி12 தான் சிக்கல். அது மரக்கறி எதிலும் இல்லை, முருங்கையிலையிலும் இல்லை. மீன், முட்டை, இறைச்சி, பால், தயிரில்தான் உண்டு. சைவக்காரர் தினமும் தயிரோ பாலோ எடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். தேத்தண்ணியில் விடும் இரண்டு கரண்டி பால்மா போதாது. நல்லூர்க் கொடியேறி இருபத்தைந்து நாளும் மச்சம் விடுவதால் ஒன்றும் ஆகாது, ஈரலில் பி12 வருஷக்கணக்குக்குச் சேமிப்பில் இருக்கும். ஆயுள் முழுக்கச் சைவம், அதோடு சீனிக்கு மெட்ஃபோர்மின், அதோடு வயிற்றெரிவுக்கு ஒமெப்பிரசோல், இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேரும்போதுதான் பி12 அடியோடு இறங்குகிறது. எங்கள் வயதானவர்களில் இந்தச் சேர்க்கை அபூர்வமே இல்லை.

ஆனால் விற்றமின் போட்டால் பாரிசவாதம் திரும்பி வராதா? இங்கேதான் ஏமாற்றம். பாரிசவாதம் வந்த எண்ணாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு பி விற்றமின்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010 இல் வந்தது. ஹோமோசிஸ்டீன் இறங்கியது, பாரிசவாதம் குறிப்பிடும்படி இறங்கவில்லை. 2015 இல் சீனாவிலிருந்து வந்த செய்தி கொஞ்சம் வேறு. பாரிசவாதம் வராத, பிரஷர் உள்ள இருபதாயிரத்துச் சொச்சம் பேரில் பிரஷர் குளிசையோடு போலிக் அமிலமும் எடுத்தவர்களில் 2.7 வீதத்தினருக்கும், எடுக்காதவர்களில் 3.4 வீதத்தினருக்கும் முதல் பாரிசவாதம் வந்தது. அவர்கள் சாப்பாட்டில் போலேட் குறைவாக இருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

ஆகவே உங்கள் 24 க்கு நான் சொல்வது, முதலில் பி12 அளவைப் பாருங்கள். குறைவென்றால் அதைத் திருத்துவது கட்டாயம், நாடிக்காக இல்லாவிட்டாலும் நரம்புக்கும் ஞாபகசக்திக்கும். பி12 ஐப் பார்க்காமல் போலிக் அமிலத்தை மட்டும் விழுங்காதீர்கள். இரத்தச்சோகை மறைந்துவிடும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

அப்புறம் ஒரு தொழில் இரகசியம். ஹோமோசிஸ்டீனுக்கு எடுத்த இரத்தத்தை உடனே ஐஸில் வைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் அணுக்களைப் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டீனை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், எண் தானாக ஏறும். எனக்கே ஒருமுறை ஓரிடத்தில் 31 என்று வந்தது. மாதிரி மேசையில் மூன்று மணித்தியாலம் கிடந்ததைப் பிறகு விசாரித்து அறிந்தேன். முறையாக எடுத்தபோது 13. கொழும்புக்கு அனுப்பிச் செய்கிறோம் என்று சொன்னால், பிரித்துவிட்டா அனுப்புகிறீர்கள் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

லிப்போபுரோட்டீன் ஏ என்பது?

எல்.டி.எல். இன் ஒட்டுண்ணித் தம்பி. பரம்பரையால் வருவது. சாப்பாட்டாலும் நடையாலும் மாறாது, ஸ்டாட்டினாலும் இறங்காது. தெற்காசியர்களிடம் ஐரோப்பியரைவிடக் கூட இருப்பது தெரிந்த விஷயம். டெசிலீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அதிகம். ஆயுளில் ஒரு தரம் பார்த்தால் போதும். வீட்டில் ஐம்பது வயதுக்குள்ளேயே மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர்கள் இருந்தால் பார்ப்பது பயன். கூட இருந்தால் மற்ற எல்லாவற்றையும் இன்னும் இறுக்கமாக வைத்திருக்க வேண்டும், பிள்ளைகளுக்கும் ஒரு தரம் பார்க்க வேண்டும்.

ஃபைப்ரினோஜன், டி-டைமர்?

இரத்தம் உறைவதோடு சம்பந்தப்பட்டவை. பாரிசவாதம் வந்த உடனே இரண்டும் ஏறித்தான் இருக்கும். டொக்டர் ஒரு காரணத்தோடு கேட்டால் செய்யுங்கள். நீங்களாகப் போய்ச் செய்ய வேண்டாம்.

கொலஸ்ட்ரோல் நல்லாய் இறங்கிவிட்டது. குளிசையை நிறுத்தலாமா?

கூடாது. இறங்கியது குளிசையால். நிறுத்தினால் சில கிழமைகளில் பழைய இடத்துக்கே ஏறும். நாடியில் படிவு உள்ள பாரிசவாத நோயாளிக்கு எல்.டி.எல். 70 க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இன்றைய இலக்கு. ரிப்போர்ட்டின் ஓரத்தில் 130 வரை சாதாரணம் என்று அச்சிட்டிருக்கும். அது சுகதேகிக்கு, உங்களுக்கல்ல. 110 க்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லை என்று சந்தோஷப்பட்டு மருந்தை விட்ட மாமா ஒருவர் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்.

தடிப்புக் குறையுமா? மறுபடி எப்போது ஸ்கான் எடுக்கலாம்?

குறைவதைவிடக் கூடாமல் நிற்பதுதான் நடக்கக் கூடியது. ஆபத்துக் குறைந்தவர்களிடம் செய்த, 2007 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்குத் தடிப்பு அப்படியே நின்றது, மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களுக்கு வருஷத்துக்கு 0.013 மி.மீ. கூடியது. இந்த எண்ணின் சிறுமையைப் பாருங்கள். ஒரு தலைமயிரின் தடிப்பே 0.05 முதல் 0.1 மி.மீ. கை கொஞ்சம் சரிந்தால், வேறு ஆள் அளந்தால் வரும் வித்தியாசம் அதைவிடப் பெரிது. போன வருஷம் 1.1, இந்த வருஷம் 1.0, மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்வதும், 1.2 என்று வந்ததற்குக் கலங்குவதும் ஒன்றுதான். ஐ.எம்.டி. க்காக வருஷா வருஷம் ஸ்கான் வேண்டாம். ஒடுக்கம் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. அதை டொக்டர் சொல்வார்.

அம்மாவின் கழுத்து ஸ்கான் சுத்தம். பிறகு எப்படி வந்தது?

மூன்று வழி. ஒன்று, அடைப்பு மண்டைக்குள் இருக்கும் நாடியில் இருக்கலாம். ஆசியர்களுக்கு இது வெள்ளைக்காரரைவிட அதிகம், கழுத்து ஸ்கானில் தெரியாது. இரண்டு, மூளையின் ஆழத்தில் உள்ள மயிர்போன்ற சின்ன நாடிகள் பிரஷராலும் சீனியாலும் கெட்டிருக்கலாம். மூன்று, இதயம் தாளம் தப்பித் துடித்து, அங்கே உறைந்த கட்டி மேலே போயிருக்கலாம். மூன்றாவதைப் பிடிக்க ஈ.சி.ஜி. வேண்டும், சிலருக்கு 24 மணித்தியாலம் மாட்டிவைக்கும் கருவியும் வேண்டும். அதைக் கண்டுபிடித்தால் மருந்தே மாறும், அஸ்பிரின் போதாது. ஹோமோசிஸ்டீனுக்குச் செலவழிக்கும் காசை இதற்குச் செலவழித்தால் நான் சந்தோஷப்படுவேன்.

கனடாவில் இருக்கும் தம்பி முழுப் பக்கேஜும் செய்யச் சொல்லிக் காசு அனுப்பியிருக்கிறார்.

தம்பியின் அக்கறை புரிகிறது. தூரத்தில் இருப்பவர்களுக்குக் காசு அனுப்புவதுதான் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குச் சமம். ஆனால் நாற்பது பரிசோதனை செய்தால் இரண்டு மூன்று எண்களாவது கோட்டுக்கு வெளியே விழும், சுகதேகிக்கும் விழும். அதற்குப் பிறகு அதன் பின்னால் ஓட்டம். உலகின் பல நாடுகளில் செய்த பெரிய ஆய்வொன்று, பாரிசவாத ஆபத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கைப் பத்துச் சாதாரணக் காரணங்களே விளக்கிவிடுகின்றன என்று 2010 இல் காட்டியது. அவற்றில் முதலாவது பிரஷர். தம்பியிடம் அந்தக் காசில் பிசியோவுக்கு ஆள் வைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டில் என்ன மாற்றலாம்?

உப்பு. நாளுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி, அதுவும் எல்லாம் சேர்த்து. கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய், அப்பளம் ஒரே பீங்கானில் வந்தால் கணக்கு அங்கேயே முடிந்தது. தேங்காய்ப்பால் எல்.டி.எல். ஐ ஏற்றும். சொதிக்கு முதற்பாலைச் சேர்க்காமல் இரண்டாம் பாலோடு நிறுத்தலாம். பனங்கட்டியும் சீனிதான், இயற்கை என்பதால் இரத்தத்தில் ஏறாமல் விடாது. சுருட்டும் சிகரெட்டும் ஒன்றாகவே சுவரைத் தடிக்கவைக்கும். குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. நிறுத்த வேண்டும்.

கழுத்துக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடலாமா?

கைகாலுக்கு எண்ணெய் பூசி மெதுவாகத் தடவுவதில் குற்றமில்லை. கழுத்தின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் அழுத்திப் பிடிக்க வேண்டாம், படிவு உள்ள இடத்தை நசுக்குவதில் ஆபத்து இருக்கிறது. சலூனில் தலைமயிர் வெட்டி முடிய, கழுத்தைச் சடாரென்று திருப்பி நெட்டி முறிப்பார்களே, அதை எந்த வயதிலும் செய்ய விடாதீர்கள். சுவரின் உட்படை கிழிந்து இளம் ஆட்களுக்கே பாரிசவாதம் வந்திருக்கிறது.

திரும்ப வந்தால் என்ன செய்வது?

முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கினால் ஒன்று விழுகிறதா, பேச்சுக் குழறுகிறதா. ஒன்று இருந்தாலும் 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது, காசில்லை. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம், அதிலும் தலை ஸ்கானுக்குப் பிறகுதான் போட முடியும். ஐந்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போக வேண்டும், அது பெரியதற்கு முன்னால் வரும் சின்னது. வாயில் தண்ணீரோ குளிசையோ வைக்க வேண்டாம். வீட்டில் அஸ்பிரின் கொடுக்கவும் வேண்டாம், கசிவா அடைப்பா என்று உங்களுக்குத் தெரியாது. நெடுந்தீவு, நயினாதீவு ஆட்கள் கடல் கடக்க வேண்டியிருப்பதால், விடியட்டும் என்று காத்திருக்காமல் தீவு வைத்தியசாலைக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

வைத்தியசாலையில் முதலில் கேட்கும் கேள்வி, கடைசியாக எத்தனை மணிக்கு நல்லாய் இருந்தவர் என்பது. விழுந்ததைக் கண்ட நேரம் அல்ல, நல்லாய் இருந்ததைக் கண்ட நேரம். அதைக் கையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பியை மறக்காதீர்கள், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் எடுப்பவர் என்றால் அதை வாசலிலேயே சொல்லுங்கள். கழுத்து ஸ்கான் ரிப்போர்ட் அகப்படாவிட்டால் அதைத் தேடி நிற்க வேண்டாம்.